மறுகாலை வெட்டினவ

அங்கன நிக்காதீங்க சார். காலுக்கு அடியில மண்ணு இன்னும் இளகித்தான் கெடக்கு. சறுக்கி உள்ள விழுந்தீங்கன்னா, அதுக்கும் மாடக்கண்ணுதான் காரணம்னு எழுதிருவாங்க. இந்த ஊர்ல எது நடந்தாலும் நான்தான் காரணம். இப்படி எலுமிச்ச நெழலுக்கு வாங்க.

ஒடைஞ்ச கரையப் பாக்க வந்ததுல நீங்க மூணாவது ஆளு, தெரியுமா? மொத வந்தவரு வண்டிய விட்டு எறங்காம போட்டோ எடுத்திட்டுப் போயிட்டாரு. ரெண்டாவது வந்தவரு நேராக் கரைக்குக் கீழ இருக்க கள்ளிக்குடியிருப்புக்குப் போயி, அவ வீட்டு வாசல்ல கட்டில்ல உக்காந்து, அவ குடுத்த மோரக் குடிச்சிட்டு, அவ சொன்னதயே எழுதிக்கிட்டுப் போனாரு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. கரைய ஒட்டி இருக்கது யாரு காடு? என் காடு. நட்டம் யாருக்கு? எனக்கு. அப்ப யாருகிட்ட கேக்கணும்? நீங்களாவது முழுசாக் கேட்டுட்டு எழுதுங்க.

அவன்னா யாரா? வெயிலாட்சி. ஆடு மேய்க்கவ. புருசன் செத்து பல வருசமாச்சு, பிள்ள கெடையாது. ஆடும் நாக்குந்தான் அவளுக்கு. ஆட்டைவிட நாக்கு நீளம்.

மொதல்ல கரையப் பத்திச் சொல்லுதேன். பத்து வருசத்துக்கு முன்னால இங்க கரையே கெடையாது. மழ பேஞ்சா மலையில இருந்து ஓட அறுத்துக்கிட்டு எறங்கும். எங்க அப்பா காலத்துல தாண்டிக் குதிக்கலாம்னு இருந்த ஓட, எங்காலத்துல ஆள் ஆழத்துக்குப் போயிட்டு. ஒவ்வொரு ஐப்பசிக்கும் காட்டுல ஒரு துண்டு காணாமப் போவும். மேல்மண்ணு பூரா அடிச்சிக்கிட்டுப் போயி கீழ்க்குளத்துல சேரும். அதத் தடுக்கத்தான் சர்க்கார்ல இந்த மண்கரையப் போட்டாவ. ரெண்டு ஆள் ஒசரம். உள்பக்கம் கல்லு, வெளிப்பக்கம் புல்லு. தெக்கு ஓரத்துல மட்டும் கல்லு பாவி, தாழ்வா ஒரு வாய் விட்டாவ. அதுதான் மறுகா. தண்ணி கூடுனா கரைமேல ஏறாம அது வழியா வழிஞ்சி ஓடைக்குப் போயிரும்.

கட்டுன இஞ்சினியரு அன்னைக்கிக் கூட்டம் போட்டுச் சொன்னாரு. "இது தண்ணி தேக்குற அணை இல்லங்க, மண்ண நிறுத்துற அணை. மறுகால மட்டும் யாரும் தொடக்கூடாது"ன்னாரு. கரையப் பாத்துக்கிட ஒரு குழுவும் போட்டாரு, பத்து பேரு. தலைவரு யாருங்கிய? நான்தான். பின்ன, வேற யாருக்குத் தகுதி இருக்கு?

அந்தப் பத்து பேர்ல அவளும் ஒருத்தி. கரை போடும்போது களிமண்ணு சொமந்தவ, அதனால சேத்தாவ. கரைய எப்படிப் பாக்கணும்னு அந்த இஞ்சினியரு ரெண்டு நாளு சொல்லிக் குடுத்தாரு. எலி வளை இருக்கா, கரையான் புத்து இருக்கா, அடியில எங்க ஈரம் கசியுதுன்னு. ஒம்பது பேரு அன்னைக்கே மறந்துட்டோம். அவ மறக்கல. மறந்து தொலைச்சிருந்தா இந்த வம்பே கெடையாது.

சரி, கரை வந்த பொறவு என்னாச்சு? மண்ணு நின்னுது. நாலே வருசத்துல உள்ள பாதிக்கு மண்ணு சேந்துட்டு. அப்ப தண்ணி எங்க நிக்கும்? மொத ரெண்டு வருசம் தளும்பத் தளும்ப நின்ன என் கெணறு, பங்குனி வந்தாக் காஞ்சிது. எலுமிச்ச வாடுது. பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதியளா?

மூட்ட வச்சேன். ஆமா, மறுகால்ல மணல் மூட்ட வச்சேன். மறைக்கலியே. மொத வருசம் ஒரு வரிச. அடுத்த வருசம் ரெண்டு. மூணாம் வருசம் மூட்டைக்கு முன்னால ஹாலோபிளாக் கல்லு வச்சு சிமிண்டும் பூசுனேன். இடுப்பு ஒசரத்துக்குத் தண்ணி கூட நின்னுது. கெணத்துல சித்திர வெயில்லயும் தண்ணி. மறுகாத் தண்ணி போற வாய்க்கா அப்ப சும்மாத்தானே கெடக்கு? தண்ணியே போகாத வாய்க்காலுக்கு என்னத்துக்கு இடத்த விடணும்? அதுல நாப்பது எலுமிச்ச வச்சேன். கரைமேல தென்னையும் வச்சேன், கரைக்குப் பெலம்னு. இதெல்லாம் ஒரு மனுசன் செஞ்ச நல்லதா இல்லையா?

அவ விடுவாளா. வாரத்துக்கு ஒரு தடவ ஆட்டப் பத்திக்கிட்டு வருவா. கரை அடியில குனிஞ்சி குனிஞ்சி பாப்பா. ஈரம் இருக்க எடத்துல குச்சி நட்டு, அதுல சீலக் கிழிசலக் கட்டி வைப்பா. ஒரு நாளு நான் மருந்து அடிச்சிக்கிட்டு இருக்கேன், வந்து நிக்கா.

"அண்ணாச்சி, போன மாசம் குச்சி நட்ட எடம் இங்க. இப்ப ஈரம் அங்க வரைக்கும் வந்திட்டு."

"கரைன்னா கசியத்தாண்டி செய்யும்."

"கசிவு தெளிவா வந்தா பயமில்ல அண்ணாச்சி. கலங்கி வந்தா உள்ள மண்ணு அரிக்கின்னு அர்த்தம். அந்த இஞ்சினியரு சொல்லல? தென்ன வேரு வேற உள்ள போகுது. மூட்டைய மட்டுமாவது எடுத்திருங்க. கீழ பதினாலு வீடு இருக்கு."

"ஏட்டி, ஆட்டுக்கு எத்தன காலுன்னு கேட்டா எண்ணிப் பாத்துச் சொல்லுதவ நீ. எனக்குக் கரையப் பத்திப் பாடம் எடுக்கியா? போ அங்கிட்டு"ன்னேன்.

போனா. போயி மனு எழுதிப் போட்டா. ஒண்ணு ரெண்டு இல்ல, ஏழு மனு. நான் சும்மா இருப்பனா? கரைக்குப் போற பாத என் காட்டு வழியாத்தான் போகுது. அதுல கேட்டுப் போட்டுப் பூட்டுனேன். அவ ஆடு ஒண்ணு வேலி தாண்டி வந்துச்சின்னு பிடிச்சி ரெண்டு நாளு கட்டி வச்சேன். வந்து கெஞ்சுவான்னு பாத்தேன். கெஞ்சல. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு அந்த ஆட்டுக்குக் கொழையப் போட்டுட்டு, கரை அடியப் பாத்துட்டுப் போனா. அந்தத் திமிரு இருக்கே சார், அதத்தான் என்னால சகிக்க முடியல.

ஊருக்குள்ள பேசுதானுவ: மாடக்கண்ணு கீழ இருக்க சனங்கள நெனக்கல, எலுமிச்சைய நெனச்சான்னு. என் மக ஆறுமுகக்கனி எங்க இருக்கா? கள்ளிக்குடியிருப்புலதான். என் பொண்டாட்டியோட அண்ணன் மகனுக்குத்தான் கட்டிக் குடுத்திருக்கு. ஓடையில இருந்து பாத்தா மொத வீடு அவ வீடு. கைப்பிள்ளக்காரி. பெத்த மக இருக்க எடத்துக்கு மேல நான் ஆபத்த வச்சிருப்பனா? இந்த ஒண்ணுல இருந்தே தெரியலியா, கரைக்கு ஒரு கேடும் இல்லன்னு?

கனி எப்பவாவது சொல்லுவா. "எப்பா, சித்தி சொல்லுதத ஒரு தடவ வந்து பாத்தாத்தான் என்ன?" சித்தியாம். அவ என்ன மொறைக்குச் சித்தி? ஒரு மொறையும் கெடையாது. பிரசவத்தப்ப தைலம் தேச்சி விட்டா, பிள்ளயக் குளிப்பாட்டுனா, அத வச்சிச் சித்தி. இப்படித்தான் சார் ஒவ்வொருத்தரா வளைப்பா.

போன கார்த்திகையில மூணு நாளு மழ. நீங்களும் பாத்திருப்பிய. மொத நாளே கரை நெறஞ்சிட்டு. எனக்குச் சந்தோசம். ரெண்டாம் நாளு மறுகா மூட்டையோட மேல்வரிசைக்கு ஒரு சாண் கீழ நின்னுது. மூணாம் நாளு காலையில சந்தைக்குப் போகணும்னு எலுமிச்ச மூட்டையக் கட்டி வண்டியில ஏத்திக்கிட்டு இருக்கேன். வாரா, தலையில யூரியாச் சாக்க மழைக்குக் கொங்காணியாப் போட்டுக்கிட்டு. கையில ஒரு செம்பு.  என் வாசல்ல, என் சிமிண்டுத் தரையில, செம்புத் தண்ணியக் கவுத்தா. செக்கச் செவேல்னு ஓடுது.

"வேலிக்குள்ள நுழைஞ்சி கரை அடியில இருந்து பிடிச்சது அண்ணாச்சி. நேத்து வரைக்கும் தெளிவா இருந்திச்சி. இன்னைக்கி வெரல் தண்டிக்கு வருது, இப்படி வருது. இப்பமே மூட்டைய எடுத்தாத்தான் உண்டு. ஆளு நான் கூட்டியாரேன். நீங்க கேட்டுப் பூட்ட மட்டும் தொறந்து விடுங்க."

"இது வரைக்கும் இவ்வளவு நெறையாத தண்ணி நெறஞ்சி நிக்கி. அதத் தொறந்து விடச் சொல்லுத. உனக்கு வயித்தெரிச்சல்"ன்னேன்.

"கனி வீடு மொத வீடு அண்ணாச்சி."

"எம் மகளப் பத்தி நீ பேசாத!"

சத்தம் போட்டுட்டு வண்டிய எடுத்துட்டேன். கேட்டுச் சாவி என் பையிலதான் இருந்திச்சி. பின்ன? வீட்டுல வச்சிட்டுப் போனா என் பொண்டாட்டி எடுத்துக் குடுத்திருவா. அவளும் அந்தக் கூட்டந்தான்.

சந்தையில மழைக்கு யாவாரமே இல்ல. கமிசன் கடையில தகரத்துக்குக் கீழ உக்காந்திருந்தேன். போன் அடிச்சிது. கனிதான். தகரத்துல மழ விழுத சத்தம் சார், பேசுனாக் கேக்காது. எடுக்கல. ஆறு தடவ அடிச்சிட்டா. வீட்டுக்குப் போயிப் பேசிக்கிடலாம்னு இருந்திட்டேன். இது ஒரு குத்தமா?

பன்னெண்டு மணி இருக்கும் திரும்பி வரும்போது. கேட்டு பூட்டுனபடி இருக்கு, பக்கத்துல கம்பிவேலிய அறுத்துக் கெடக்கு. எனக்கு வந்த ஆத்திரம் உங்களுக்கு எப்படிச் சொல்ல! வண்டிய அப்படியே போட்டுட்டு ஓடுதேன். மறுகாப் பக்கம் பாத்தா, ரெண்டு பொம்பளைங்க இடுப்புத் தண்ணியில நிக்காளுவ. இடுப்புல ஒரே கயிறு, ரெண்டு பேருக்கும். கயித்தோட முனைய நான் வச்ச தென்னையில கட்டியிருக்கு. ஆம்பளையளு பூரா கீழ வீடு வீடா ஏறி ஆளக் கெளப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயிக்கிட்டு இருந்தானுவளாம். இவளுவ இங்க என் கல்ல ஒடைக்காளுவ. வெயிலாட்சி கடப்பாறையால நெம்புதா. இன்னொருத்தி மம்பட்டியால மூட்டையக் கிழிச்சித் தள்ளுதா. ஒரேயடியா இல்ல, ஓரத்துல இருந்து ஒவ்வொரு வரிசையா. அதுலயும் ஒரு கணக்கா வேல பாக்காளுவ, களவாணிப் பொம்பளையளு. நாப்பது எலுமிச்சையில பாதி ஏற்கெனவே தண்ணிக்குள்ள.

வாயில வந்ததெல்லாம் சொல்லி ஏசுனேன். எழுதுத வார்த்த இல்ல அதெல்லாம். அந்த இன்னொருத்தி திரும்புனா.

கனி.

மொகமெல்லாம் சேறு. முடி அவுந்து கெடக்கு. என்னப் பாத்தா.  எப்பான்னு கூப்பிடல. ஒரு நிமிசம் பாத்தா, அவ்வளவுதான். திரும்பி அடுத்த மூட்டையில மம்பட்டிய ஓங்கிப் போட்டா.

நான் அங்கன நின்னேன். முடியுத வரைக்கும் நின்னேன்.

ரெண்டு மணிக்கு எல்லா மூட்டையும் போயிட்டு. தண்ணி மறுகால்ல பாஞ்சி, வாய்க்காலோட வாய்க்காலா ஓடைக்குப் போச்சி. நாப்பதுல முப்பத்தோரு மரம் வேரோட போயிட்டு. கள்ளிக்குடியிருப்புத் தெருவுல முழங்காலுக்குத் தண்ணி. அதுல ஒரு பானகூட மெதந்து போகல, கேட்டுப் பாருங்க. அதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

இன்னும் கேளுங்க. இதுதான் முக்கியம், இத எழுதிக்கிடுங்க. தண்ணி பாதிக்குமேல எறங்குன பொறவு, நாலு மணி போல, கரை நடுவுல பொளந்துச்சி. இந்தா, இப்ப நீங்க அளந்தியள்லா, இதே எடம். அவ சீலக் கிழிசல் கட்டி வச்சிருந்த எடம். மிச்சம் கெடந்த கொஞ்சத் தண்ணிக்கே கரை ஒடைஞ்சிட்டுன்னா, அவ மறுகால ஒடைச்சி எவ்வளவு பெலவீனம் ஆக்கியிருக்கணும்! நீங்க படிச்சவரு, சொல்லுங்க. கரை நெறஞ்சி நிக்கும்போது ஒடையாத கரை, வத்துன பொறவு ஒடையுமா?

என்ன சார், திரும்பவும் டேப்ப எடுத்து அளக்கிய?   

கரை ஒடைஞ்ச ரெண்டாம் நாளு ஸ்டேஷன்ல புகாரு குடுத்தேன். அரசாங்கச் சொத்த ஒடைச்சது, வேலிய அறுத்தது, மரத்த அழிச்சது. எல்லாத்துக்கும் வெயிலாட்சி பேரு ஒண்ணுதான். கனி பேரு எதுக்கு? அவ சின்னப்பிள்ள, யாரும் சொன்னா நம்பிருவா. அவளக் காப்பாத்தத்தான் சார் நான் பாத்தேன்.

வெயிலாட்சியக் கூப்பிட்டு அனுப்புனாவ. வந்தா. கூடவே கனியும் வாரா, இடுப்புல பிள்ள. என் பக்கத்துல இருந்த பெஞ்சில உக்காரல. ரைட்டர் ஐயா முன்னால நேராப் போயி நின்னா.

"ஐயா, எழுதுதத முழுசா எழுதுங்க. வெயிலாட்சிச் சித்தி மட்டும் வெட்டல. நானும் வெட்டுனேன். எங்க அப்பாவும் கூட இருந்தாவ."

"உங்கப்பன் இருந்தாரா? அவருதான புகாரே குடுத்திருக்காரு?"

"அவியதான் கயித்தப் பிடிச்சாவ."

 "பொய் சொல்லுதா"ன்னேன்.

கனி என்னப் பாக்கவே இல்ல. ரைட்டரப் பாத்தே சொன்னா: "அவிய உள்ளங்கையக் காட்டச் சொல்லுங்க."

கைய மடக்கி வச்சிருந்தேன். ரைட்டரு எந்திரிச்சி வந்து என் வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சாரு. தோலு உரிஞ்சி, நடுவுல ரத்தம் கட்டி, கயித்தோட முறுக்கு அப்படியே பதிஞ்சி கெடக்கு. ரெண்டு கையிலயும்.

"ஓய், உம்ம மறுகால வெட்டுனதுக்கு நீரே கயிறு பிடிச்சீரா?"ன்னு கேட்டாரு பாருங்க. ஸ்டேஷனே சிரிச்சிது. வெளிய நின்ன டிரைவரு வரைக்கும் சிரிச்சான். சிரிக்காதது ரெண்டே பேரு. அவளுவ ரெண்டு பேருந்தான்.

புகாரத் திருப்பி என் கையிலயே குடுத்துட்டாவ. வெளிய வந்து கனி எங்கிட்ட ஒரே ஒரு வார்த்த சொன்னா. "எப்பா, ஆறு தடவ கூப்பிட்டேன்." பிள்ளயத் தோள்ல மாத்திப் போட்டுக்கிட்டு அவகூட ஆட்டோவுல ஏறிப் போயிட்டா. நாலு மாசம் ஆச்சி. என் வீட்டுப் படி ஏறல. அவ அம்மா மட்டும் போவா வருவா. பேரன் நடக்கான்னு சொன்னா.

சரி, நின்னேன்னு சொன்னேன்லா, சும்மா நிக்கல. ஒத்துக்கிடுதேன். நான் ஏசிக்கிட்டு இருக்கும்போதே தென்ன ஒரு பக்கமாச் சாஞ்சிது. கரைமண்ணு நல்லா ஊறி, வேரு பிடியில்லாம, கண்ணு முன்னால சாயிது. கயிறு நழுவி மட்டை வரைக்கும் வந்திட்டு. ஓடிப்போயி கயித்தப் பிடிச்சேன். இடுப்புல ஒரு சுத்துச் சுத்தி, குதிகால மறுகாக் கல்லுல குடுத்து மல்லாந்துட்டேன். அவளுவ முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சி. அவ்வளவு நேரமும் வாயி மூடல, வெயிலாட்சிய அவ வம்சத்தோட சேத்து வஞ்சிக்கிட்டேதான் பிடிச்சேன். அத ஏன் கனி ஸ்டேஷன்ல சொல்லல? அதயும் சொல்லியிருக்கணுமா இல்லையா?

இப்ப நீங்க வந்து, புதுக்கரைக்கு மறுகா அகலமா விடணும், மிச்சம் நிக்க ஒம்பது மரத்தையும் எடுக்கணும், கையெழுத்துப் போடுங்கன்னு கேக்கிய. குழுவுக்குத் தலைவி வெயிலாட்சின்னும் சொல்லுதிய. போட மாட்டேன். அவ பேரு மேல இருக்க காயிதத்துல என் பேரு கீழ வராது. வேணும்னா எம்மேல கேசு போடுங்க.

என்ன கேட்டிய? திருப்பிக் கேளுங்க.

கயித்த ஏன் விடலன்னா?

அவ்வளவு வெறுப்பு இருக்கே, ஏன் விடலன்னு கேக்கிய. ஊர்ல இத எவனும் கேக்கல. சிரிக்கத்தான் செஞ்சானுவ.

ஒரே கயிறு சார். ரெண்டு பேரும் அதுலதான். கண்ணுல மழ அடிக்கி, தண்ணியில ரெண்டு கருப்புத் தல தெரியுது, சேத்துல எது எதுன்னு அடையாளம் இல்ல. கயிறு சுண்டும்போதெல்லாம் பாரம் எங்கையில வருது. எது எம் மக பாரம், எது அவ பாரம்னு கையில தெரியல. தெரிஞ்சிருந்தா ஒண்ண மட்டும் விட்டிருப்பேன்.

தெரியவே இல்ல சார்.